நூறுல ஏழு போனா எவ்ளோ ஆயா?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுட்டே வந்த பதிவு. கொஞ்சம் கொசுவத்தி, மிச்சம் சரித்திரம். பொறுமையா படிங்க மக்களே.

எங்க ஆயா காத்திவாக்கத்துல மீன் வித்தவங்க. பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்ல. 2009 வாக்குல மறதி அதிகமாயிடுச்சுன்னு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். "பாட்டி, நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வாங்க"ன்னார் டாக்டர். ஆயா முழிச்சாங்க. தேதி கேட்டார், தெரியல. ரெண்டு ஐங்கோணத்தைப் பார்த்து வரையச் சொன்னார். பென்சிலே பிடிக்காதவங்க என்னத்த வரைவாங்க? மார்க்கு ரொம்பக் கம்மி. அன்னிக்கு ராத்திரியே மாமா ஆயாவோட சுருக்குப்பையை வாங்கி பீரோவுல வெச்சுட்டார். ஆயா ரெண்டு நாள் சரியா சாப்பிடல.

அடுத்த தடவை இருந்தது ஒரு ஹவுஸ் சர்ஜன் பொண்ணு. பேச்சுலயே தெரிஞ்சுது, காசிமேட்டுப் பக்கம். "ஆயா, நூறு ரூபா நோட்டைக் குடுத்து ஏழு ரூபாய்க்கு கருவாடு கேட்டா மீதி எவ்ளோ தருவ?"

"தொண்ணூத்தி மூணு. இன்னாமே, இதுகூடத் தெரியாதா?"

"அதுல இன்னொரு ஏழு?"

"எம்பத்தாறு."

அமாவாசை போய் எத்தினி நாளுன்னு கேட்டதுக்கும் டக்குனு பதில். மறதி இருந்தது உண்மை. ஆனா மார்க்கு சொன்ன அளவுக்கு இல்ல. சுருக்குப்பை திரும்ப இடுப்புக்கு வந்துடுச்சு :-)

அந்தப் பொண்ணு எப்படி அந்த நாற்காலிக்கு வந்தா? மேட்டருக்கு வருவோம்.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு பெரிய ஆஸ்பத்திரின்னா ஸ்டான்லி தான். பஞ்ச காலத்துல கஞ்சி ஊத்தின மணியக்காரர் சத்திரத்துலேர்ந்து வளர்ந்தது. அதனால பெருசுங்க வாயில இன்னும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'. 1938-ல் மருத்துவக் கல்லூரி ஆனது. நோயாளி எல்லாம் நம்ம ஆளு, டாக்டர் யாரு? இந்தக் கேள்விக்குத்தான் சென்னை மாகாணம் வகுப்புவாரி ஜி.ஓ.வால் பதில் தேடியது. மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. இங்கே போராட்டம் வெடித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு.

ஆக, நாற்காலி கிடைச்சாச்சு. கேள்வித்தாள் யார் கையில?

ஆயாவிடம் கேட்ட அந்த 30 மார்க் சோதனை 1975-ல் அமெரிக்காவில் உருவானது. பள்ளிக்கூடம் போனவங்களை மனசுல வெச்சுப் பண்ணது. இது நம்ம கிராமத்துக்கு ஒத்துவராதுன்னு எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்காக ஹரியானாவின் பல்லப்கரில் இந்தியில் மாத்தி அமைச்சாங்க. அது 1995-ல் வெளிவந்தது. 1998-ல் கொச்சியில் 10/66 ஆய்வுக் குழு பிறந்தது. பேருக்கு அர்த்தம்: மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில், அவங்களைப் பத்தின ஆய்வு 10 சதவீதம்கூட இல்லை.

சென்னை இதுல பின்தங்கலை. முதியோர் மருத்துவத்துக்கு 1978-லேயே ஜி.எச்.சில் தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 1996-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் அதுக்கு எம்.டி. படிப்பே வந்தது. ஆனா முதுமையில மூளைக்கு என்ன ஆகுதுன்னு ஆராயிற வேலைக்கு குப்பத்துப் பிள்ளையை இளங்கலையிலேயே பழக்குறது? இருக்கிற ஜன்னல் சின்னது: ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் நடத்தும் மாணவர் ஆய்வு உதவித்தொகை. ரெண்டு மாசம். திட்டத்தை இங்கிலீஷுல எழுதணும், வழிகாட்ட ஒரு பேராசிரியர் கிடைக்கணும். வீட்டுல முதல் பட்டதாரிக்கு அந்தக் கதவைத் தட்டணும்னு யார் சொல்லுவா?

அமெரிக்காவில் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், ஒதுக்கப்பட்ட சமூகத்து இளங்கலை மாணவர்களை இந்தத் துறைக்குக் கொண்டுவரவே தனி மானியம் கொடுத்தது. 2025-ல் அங்கே இந்த மாதிரிப் பயிற்சி மானியங்கள் பலதுக்கு வெட்டு விழுந்தது. செண்பகம் வழக்கைப் பார்த்த ஊருக்கு இது புதுசா என்ன?

2024-ல் லான்செட் ஆணையம் மறதி நோய்க்கு 14 காரணிகளைப் பட்டியலிட்டது, நாம மாத்தக்கூடியவை. அதுல படிப்புக் குறைவு, காது கேளாமை, காற்று மாசு மூணும் இருக்கு. எங்க தெருவுல நின்னு பாருங்க. படிக்காத கிழவி, ஃபேக்டரி சத்தத்துல காது போன தாத்தா, சாம்பல் படிஞ்ச மொட்டை மாடி. மூணும் ஒரே தெருவுல!

இதை ஆராய வெளியூர்லேர்ந்து ஆள் வரட்டும், வேணாங்கல. ஆனா கருவாட்டுக் கணக்குல கேட்கத் தெரிஞ்ச ஆள் கூட இருக்கணும். உதவி பண்ண மட்டும் இல்ல, கேள்வித்தாளை எழுதவே.

டிஸ்கி: ஆயா 2014-ல் போய்ச் சேர்ந்தாங்க. சுருக்குப்பை கடைசி வரைக்கும் இடுப்புல தான் இருந்தது. உங்க தெருவுல முதல் வருஷம் மெடிக்கல் படிக்கிற பிள்ளை இருந்தா, அந்த ரெண்டு மாசத்தைப் பத்திச் சொல்லி வைங்க.