ஹபிள் ஆடி: சோதனையும் திருத்தமும்

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.4 மீட்டர் விட்டமுள்ள குழியாடி. வெப்பநிலை மாறினாலும் ஏறத்தாழ விரியாத கண்ணாடியில் கார்னிங் நிறுவனம் அதை உருவாக்கித் தந்தது. தேய்த்து மெருகேற்றும் பொறுப்பு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த பெர்க்கின்-எல்மர் நிறுவனத்துடையது. 1981இல் மெருகேற்றி முடித்து, அவ்வாண்டின் இறுதியில் அலுமினியம் பூசினார்கள்.

மெருகேற்றும்போது ஆடியின் வடிவம் ஒளியைக் கொண்டே அளக்கப்பட்டது. இரண்டு சிறு ஆடிகளும் ஒரு வில்லையும் கொண்ட சோதனைக் கருவி மேலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தும். வடிவம் சரியாக இருந்தால், திரும்பும் ஒளியின் குறுக்கீட்டு வரிகள் நேராகத் தெரியும். கருவியில் வில்லை இருக்க வேண்டிய இடத்தை ஓர் உலோகத் தண்டு காட்டியது. தண்டின் முனையில் லேசர் பட்டுத் திரும்ப வேண்டும். ஆனால் முனையைச் சூழ்ந்த தொப்பியில் பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில் ஒளி பட்டுத் திரும்பியது. அதனால் வில்லையின் இடம் 1.3 மில்லிமீட்டர் பிசகியது. அவ்வளவு தூரம் நகர்த்தத் தாங்கியில் வழியில்லாததால் வாஷர்களைச் செருகிப் பொருத்தினார்கள். பிழையான கருவி காட்டிய வழியில் ஆடி மிகத் துல்லியமாகப் பிழையான வடிவம் பெற்றது. வில்லைகளால் ஆன மற்றொரு சோதனைக் கருவி பிழையைக் காட்டியும், அதன் துல்லியம் குறைவு என்று கருதி ஒதுக்கிவிட்டார்கள்.

1990 ஏப்ரல் 24 அன்று ஹபிள் ஏவப்பட்டது. படங்கள் தெளிவாக விழவில்லை. ஆடியின் விளிம்பிலும் நடுவிலும் பட்ட ஒளி ஒரே புள்ளியில் குவியாத கோளப் பிறழ்ச்சி இருப்பதை ஜூன் 27 அன்று நாசா அறிவித்தது. விளிம்பு 2.2 மைக்ரோமீட்டர் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகியிருந்தது. விண்மீன் ஒளியில் சுமார் 70 சதவீதம் குவிய வேண்டிய நடுப்புள்ளியில் 15 சதவீதமே குவிந்தது. லூ ஆலன் தலைமையிலான விசாரணைக் குழு, தொழிற்கூடத்தில் கலைக்கப்படாமல் இருந்த அதே சோதனைக் கருவியை அளந்து காரணத்தைக் கண்டறிந்தது.

விண்வெளியில் ஆடியை மாற்ற முடியாது. ஆனால் பிழையின் அளவு திட்டவட்டமாகத் தெரிந்ததால், அதற்கு நேரெதிரான பிழையுள்ள சிறு ஆடிகளைச் செய்ய முடிந்தது. புதிய அகலப்புலக் கேமராவுக்குள்ளேயே அத்தகைய ஆடிகள் அமைந்தன. மற்ற மூன்று கருவிகளுக்காக, நாணயமளவு ஆடிகளைத் தாங்கிய காஸ்டார் என்னும் அமைப்பு உருவானது. 1993 டிசம்பரில் எண்டெவர் விண்வெளி ஓடத்தில் சென்ற வீரர்கள் ஐந்து விண்வெளி நடைகளின்போது இவற்றைப் பொருத்தினார்கள். அடுத்த மாதமே தெளிவான படங்கள் வெளியாயின. பிறகு வந்த கருவிகளெல்லாம் திருத்தத்தைத் தம்முள்ளேயே கொண்டிருந்ததால், 2009இல் காஸ்டார் கழற்றிக் கொண்டுவரப்பட்டது.

ஒரே கருவியை நம்பியதன் விலை அடுத்த தலைமுறைக்குப் பாடமானது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் அகலமுள்ள ஆடியின் அளவீடுகள் தனித்தனி முறைகளால் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன. 2017இல் ஹூஸ்டனில், விண்வெளிக் குளிரை உண்டாக்கிய வெற்றிடக் கூடத்தில் தொலைநோக்கி முழுமையாகச் சோதிக்கப்பட்டது. அதன் 18 பெரிலியத் துண்டுகளையும் நானோமீட்டர் அளவுகளில் நகர்த்தும் இயக்கிகள் இருந்ததால், 2022இல் விண்ணிலேயே அவை ஒரே ஆடியாக இயங்கும்படி ஒழுங்குபடுத்தப்பட்டன.