மூவர் பாடிய இசைத்தட்டு

1966ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவின் பில்போர்டு சஞ்சிகை வெளியிட்ட இசைத்தட்டு வரிசையில் "தி சுப்ரீம்ஸ் எ கோ-கோ" என்னும் தட்டு முதலிடம் பெற்றது. அதற்கு இடம் விட்டு இறங்கியது, இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினருடைய "ரிவால்வர்" ஆகும். பெண்கள் மாத்திரமே கூடிய பாட்டுக்குழு ஒன்றின் தட்டு அவ்வரிசையில் முதலில் நின்றது அதுவே முதல் தடவை. பாடியவர் பிளாரன்ஸ் பல்லார்ட், மேரி வில்சன், டயானா ராஸ் என்னும் மூவர். மூவரும் கறுப்பினப் பெண்கள். டெட்ராய்ட் நகரில் அரசாங்கம் கட்டிய எளியோர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள். கறுப்பரின் வாக்குரிமைக்குக் காவலாக அந்நாட்டில் சட்டம் பிறந்தது 1965ல் என்பதை நினைத்தால், மறு ஆண்டில் இப்பெண்கள் எய்திய நிலை எத்தகையது என்பது விளங்கும்.

இக்குழுவின் தோற்றம் 1959ல். "பிரைமெட்ஸ்" என்ற பெயரில் நான்கு பெண்கள் கூடினர். அவர்களுள் முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பல்லார்டே. பள்ளிக்கூடம் விட்டதும் மோட்டவுன் கம்பெனியின் வாசலுக்குச் சென்று, பிறருடைய பாட்டுகளுக்குக் கைதட்டியும் பின்குரல் கொடுத்தும் காத்திருந்தனர். 1961 ஜனவரியில் கம்பெனி அவர்களை ஏற்றது. ஆனால் வேறு பெயர் வேண்டுமென்றது. "சுப்ரீம்ஸ்" என்ற பெயரைப் பொறுக்கி எடுத்தவரும் பல்லார்டே. 1962ல் ஒருவர் விலக, மூவராயினர். சில ஆண்டுகள் அவர்களுடைய தட்டுகள் பெரிதாக விலைபோகவில்லை. 1964ல் காலம் திரும்பியது. அவ்வாண்டு தொடங்கி அடுத்தடுத்து ஐந்து பாட்டுகள் முதலிடம் பெற்றன.

மோட்டவுன் முதலாளி பெர்ரி கார்டி, முன்பு மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் வேலைபார்த்தவர். 1959ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்றுத் தொழில் தொடங்கினார். வண்டி செய்யும் முறையையே பாட்டுக்கும் கொண்டார். ஒருவர் பாட்டுக் கட்டுவார். மற்றவர் வாத்தியம் வாசிப்பார். வேறொருவர் நடையும் பேச்சும் பயிற்றுவார். எது வெளிவரத் தக்கது என்பதைக் கூடியிருந்து முடிவு செய்வர். நாம் குறிக்கும் தட்டிலுள்ள 12 பாட்டுகளில் பெரும்பாலானவை, அக்கம்பெனியின் பிற பாடகர்கள் முன்பே பாடியவை. எனவே இவ்வெற்றி பல கைகள் சேர்ந்து விளைத்த விளைச்சல் என்பதில் ஐயமில்லை. எனினும் வாத்தியக்காரர்களின் பெயர்கள் உறைகளில் அச்சேறவில்லை. 1971ல் மார்வின் கேயின் தட்டு ஒன்று வெளிவந்தபோதே அவர்கள் பெயர் பெற்றனர்.

நிற்க. பெயர் மறைந்தது வாத்தியக்காரருக்கு மாத்திரமன்று. தொடக்கத்தில் மூவரும் மாறிமாறி முன்குரல் பாடினர். பின்னர் ராஸின் குரலே முன்னிற்க வேண்டுமெனக் கார்டி முடிவு செய்தார். முதலிடம் பெற்ற ஓராண்டுக்குள், 1967 ஜூலையில், பல்லார்ட் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அவ்வாண்டே குழுவின் பெயர் "டயானா ராஸும் சுப்ரீம்ஸும்" என்றாயிற்று. 1968ல் அப்பெயரில் வந்த "லவ் சைல்டு" என்னும் பாட்டில், ராஸுக்குப் பின்னால் பாடியவர்கள் குழுவைச் சேராத வேறு பெண்கள்! பெயர் சூட்டியவர் வெளியே; பெயரோ கம்பெனியின் உடைமை.

பல்லார்ட் குடித்தார், நிகழ்ச்சிகளுக்கு வரத் தவறினார் என்பது கம்பெனியாரின் வாதம். அது முழுப் பொய்யன்று. ஒரு முகத்தை முன்னிறுத்தினால்தான் சரக்கு விலைபோகும் என்பதும் வியாபார நியாயமே. ஆனால் ஒருவருடைய பிற்காலக் குறை, அவருடைய முற்கால உழைப்பை அழித்துவிடுமா? பெரட்டில் பெயர் விடுபட்டவனுக்கு அன்றைய கூலி இல்லை என்பது தோட்டத்தில் உள்ள யாவரும் அறிந்தது. புகழுக்கும் அதே கணக்குத்தான் என்று நாம் கருதுகிறோம். பல்லார்ட் 1971ல் கம்பெனிமீது தொடுத்த வழக்கு நிலைக்கவில்லை. மூன்று பெண்மக்களுடன் அரசாங்க உதவிப்பணத்தில் வாழும் நிலைக்கு வந்த அவர், 1976 பிப்ரவரியில், 32ஆம் வயதில் மாண்டார்.

1988ல் ராக் இசைக்கான கீர்த்தி மண்டபத்தில் இக்குழு சேர்க்கப்பட்டபோது, ராஸ், வில்சன் ஆகியோருடன் பல்லார்டின் பெயரும் பொறிக்கப்பட்டது. இறந்து 12 ஆண்டுகள் சென்றபின் கிட்டிய நீதி அது. அதைக் காண அவர் இல்லை. ஆயினும் குரல் இருக்கிறது. அத்தட்டைக் கேட்க வாய்க்கும் நேயர்கள், முன்னே ஒலிக்கும் ஒரு குரலோடு நின்றுவிடாமல், அதைத் தாங்கிப் பின்னே நிற்கும் குரல்களுக்கும் செவிகொடுப்பார்களாக.