உரோமர் இல்லங்களில் வெந்நீர்

உரோமரின் நாகரிகச் சிறப்பை எடுத்துரைப்போர் அவர்தம் வீதிகளையும் நீர்க்கால்வாய்களையும் பெரிதும் போற்றுவர். விறகடுப்பினால் வீட்டிலேயே வெந்நீர் பெறுதற்கு அவர் வகுத்த முறையோ அத்துணை பேசப்படுவதில்லை.

பண்டை உரோமர் இவ்வசதியை நாடினாரல்லர். கன்னிபாலை வென்ற சிப்பியோவின் குளியலறை சிறிதாயும் இருண்டதாயும் இருந்ததென்றும், அக்காலத்தோர் முழு உடலையும் நீராட்டியது சந்தை நாளில் மட்டுமேயென்றும் கி. பி. முதலாம் நூற்றாண்டினரான செனெக்கா எழுதியுள்ளார். அவர்காலச் செல்வர் அவ்வெளிமையைக் கைவிட்டுவிட்டனர்.

அதற்கு முன்னரே, ஒகத்தசு காலத்துக் கட்டடக்கலைஞர் விற்றுரூவியசு, குளிப்பகங்களுக்குரிய அடுப்பின்மேல் மூன்று செப்புக்கலங்களை அமைக்குமாறு விதித்திருந்தார். வெந்நீர்க் கலத்திலிருந்து எவ்வளவு நீர் செல்லுமோ அவ்வளவு இளஞ்சூட்டு நீர் அதனுட் புகும். இளஞ்சூட்டுக் கலத்தைத் தண்ணீர்க் கலம் நிரப்பும். கொதிக்கும் நீரிற் குளிர்நீர் நேரே கலவாமையால் அதன் சூடு எளிதில் தணியாது. அடுப்பின் அனலும் வீணே வெளியேறாது, தூண்கள்மீது உயர்த்திய தளத்தின் கீழ்ச் சென்று அறையையும் வெப்பமாக்கிற்று. விறகின் அருமையை அறிந்தோர் வகுத்த முறை இது.

கி. பி. 79இல் வெசூவியசு எரிமலை புதைத்த பொசுக்கோரியாலேயில், திராட்சைமது செய்த பண்ணைவீடொன்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகழப்பட்டது. 1895இல் அங்கே கிடைத்த 100இற்கு மேற்பட்ட வெள்ளிக்கலங்களும் பிறவும் பாரிசின் இலூவர் காட்சிசாலையை அடைந்து புகழ்பெற்றன. ஆயின், வரலாறு கற்போனுக்கு அவற்றினும் அரியது அவ்வீட்டின் ஈயக் கொதிகலமே. தண்ணீரையும் வெந்நீரையும் வேண்டியவாறு கலந்துகொள்ளுதற்கான குழாய்களும் திருகுவாய்களும் அதனோடு எஞ்சியிருந்தன.

ஈயம் 327 பாகை சதமவளவையில் உருகுவது. திறந்த கலத்து நீரோ 100 பாகைக்குமேற் சூடேறாது. ஆகவே நீர் உள்ளளவும் கலத்துக்குக் கேடில்லை. நீர் வற்றின் கலமே அழியும். இக்காவல் அடிமைகளையே சார்ந்திருத்தல் வேண்டும். உரோமர் இல்லங்களில் அடுப்பெரித்தோர் அவரே. நீராடுவோரைப் புகை அணுகாதவாறு அடுப்பின் வாய் குளியலறைக்குப் புறத்தே அமைந்தது. அப்புறத்தில் நின்றே அவர் விறகிட்டுச் சாம்பலும் வாரினர்.