மூச்சில் தங்கிய கல்நார்: நோயாளியும் வீட்டாரும் அறிய வேண்டியவை

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படி இறங்கும்போது, பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ளும் பெரியவர்களை நாம் பார்க்கிறோம். கேட்டால், "வயசாயிடுச்சு ஹஜ்ரத், மூச்சு வாங்குது" என்பார்கள். நாமும் துஆச் செய்வதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். "வாலிபத்தில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என நமது கடலோர ஊர்களில் சபுராளி இல்லாத குடும்பம் அரிது. அப்படிப் போனவர்களில் கடையில் நின்றவர்களும் உண்டு. கப்பல் பட்டறை, பாய்லர் அறை, பழைய கட்டடம் இடிக்கும் வேலை என்று உழைத்தவர்களும் உண்டு. அந்த இடங்களில் எல்லாம் ஒரு காலத்தில் தாராளமாகப் புழங்கிய பொருள் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார். பூமியிலிருந்து எடுக்கப்படும் இந்த நார் தீயில் எரியாது என்பதால் சூடான குழாய்களுக்குப் போர்வையாகச் சுற்றினார்கள். பிரேக் கட்டைகளிலும் கூரைத் தகடுகளிலும் சேர்த்தார்கள். அதை அறுக்கும்போதும் சுரண்டும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடுகின்றன. உடலால் அவற்றைக் கரைக்க முடிவதில்லை. அவற்றைச் சுற்றித் தழும்பு உண்டாகி, நுரையீரல் மெல்ல மெல்ல விறைத்துப்போகிறது. இதுவே ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் உறை தடிப்பது, நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா எனும் உறைப் புற்றுநோய் ஆகியவையும் இதே இழைகளால் வருபவை.

இந்த நோய் பெரும்பாலும் 10 முதல் 40 ஆண்டுகள் கழித்தே வெளியே தெரியும். 25 வயதில் தூசியைச் சுவாசித்தவருக்கு 60 வயதில் மூச்சு முட்டும். அதற்குள் அந்த வேலையை அவரே மறந்திருப்பார்.

முதல் மருந்து ஒரு காகிதம்

நாள்பட்ட இருமல் என்றதும் நம் நாட்டில் காசநோய்ச் சோதனை செய்வார்கள். அது சரியே, தவிர்க்கக் கூடாது. ஆனால் சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் மூச்சுத் திணறல் நீடித்தால் விஷயத்தை அதோடு விட்டுவிடாதீர்கள். வாப்பாவுடன் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த ஊர், எந்தக் கம்பெனி, கையால் என்ன வேலை, தூசி எப்படி இருந்தது, பீடி சிகரெட் எவ்வளவு காலம். வீட்டுப் பெண்களையும் கேளுங்கள். தூசி படிந்த வேலைத் துணியை உதறித் துவைத்த மனைவிக்கும் இந்த நோய் வரக்கூடும். அந்தக் காகிதத்தை நெஞ்சக மருத்துவரிடம் காட்டினால், எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், மூச்சுத் திறன் சோதனை ஆகியவற்றை எந்தக் கோணத்தில் பார்ப்பது என்று அவருக்குத் தெரியும். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும், அருகே தோப்பூரில் அரசு நெஞ்சக மருத்துவமனையும் உள்ளன.

இந்தியாவிலேயே கல்நார் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் காகிதம் இன்னொரு வகையிலும் உதவும். ஆஸ்பெஸ்டோசிஸ் சட்டப்படி தொழில் நோய், இழப்பீடு கோரலாம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைக் கல்நார் ஆலைகள் காக்க வேண்டும் என்று 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

வீட்டில் செய்ய வேண்டியவை

விழுந்த தழும்பை எடுக்க மருந்து இல்லை. லேகியம் விற்பவர் என்ன சொன்னாலும் இதுதான் நிலை. ஓதிப் பார்ப்பதும் துஆவும் நமக்கு உண்டு, ஆனால் அவற்றைக் காரணம் காட்டி மருத்துவரைத் தள்ளிப்போடக் கூடாது. நம் கையில் இருப்பது மீதமுள்ள மூச்சைக் காப்பது.

அதில் முதலாவது புகை. கல்நார் இழையோடு பீடிப் புகையும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகிறது. நோய் வந்த பின் விட்டாலும் பலன் உண்டு. அவர் விட்டால் மட்டும் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து மகனும் ஊதக் கூடாது. சீமைக்கருவேல விறகடுப்பு, கரிமூட்டம், கொசுவர்த்தி எல்லாம் இதே கணக்குதான். வியாழன் இரவு சாம்பிராணி போட வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்வது கடினம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

மூச்சு வாங்கும்போது மூக்கால் மெதுவாக இழுத்து, உதடுகளைக் குவித்து, விளக்குச் சுடரை அணைக்காமல் அசைப்பதுபோல் நீளமாக வெளியே விட வேண்டும். இழுக்க இரண்டு எண்ணினால் விட நான்கு. உட்கார்ந்து முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றினால் இன்னும் எளிது. ஒளுவும் குளியலும் முக்காலியில் உட்கார்ந்தே நடக்கட்டும்.

பாசத்தால் வீட்டார் செய்யும் தவறு ஒன்று உண்டு. "நீங்க அசையாதீங்க வாப்பா" என்று கட்டிலில் கிடத்திவிடுவது. தசை தளர்ந்தால் அதே வேலைக்கு இன்னும் அதிக மூச்சு தேவைப்படும். மருத்துவர் தடுக்காதவரை தினமும் நடக்க வேண்டும், பேச முடிகிற வேகத்தில், இடையிடையே நின்று.

சாப்பாட்டைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். வலீமா விருந்துக்குப் பிறகு மூச்சு முட்டுவது பல நேரம் நிறைந்த வயிறு மேலே அழுத்துவதால்தான். ஆண்டுதோறும் புளூ தடுப்பூசியும், மருத்துவர் சொல்படி நிமோனியா தடுப்பூசியும் அவசியம். உம்ரா, ஹஜ் கூட்டத்துக்குள் போகும் முன் இரட்டிப்பு அவசியம். விமானப் பயணம் தாங்குமா என்பதையும் முன்பே கேளுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் வைப்பதும் அதன் அளவும் மருத்துவர் அளந்து சொல்ல வேண்டியவை, நாமாகக் கூட்டக் கூடாது. அது ஓடும் அறையில் நெருப்பு எதுவும் கூடாது.

நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழுவதால் நன்மை குறைவதில்லை. நோன்பில் நோயாளிக்கான சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாக்குகின்றன. தீரா நோயாளி ஃபித்யா கொடுக்கலாம். இன்ஹேலரால் நோன்பு முறியுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் கேட்கும்வரை மருந்தை நிறுத்திவைக்காதீர்கள்.

தலைக்கு மேல் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பற்றியும் கேட்கிறார்கள். உடையாத தகடு அப்படியே இருக்கும்போது ஆபத்து குறைவு. அறுப்பது, துளைப்பது, உடைப்பதுதான் ஆபத்து. காற்றில் உடைந்த தகட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே எடுக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, நொறுக்கிப் பள்ளத்தில் கொட்டவும் கூடாது. அந்நேரம் நோயாளியும் பிள்ளைகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

சளியில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, விடாத நெஞ்சுவலி, குரல் கம்மிப்போவது, கணுக்கால் வீக்கம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு திணறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். போகும்போது அந்தக் காகிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.