ஒன்பது செகண்ட், எட்டு எழுத்து: ஜெயிச்சவன் பேட்டியை யார் வெட்டலாம்?

இன்னிக்கு எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

இந்த பாட்காஸ்ட் தொடங்குறதுக்கு முன்னாடி, கைச்செலவுக்கு வீடியோ எடிட்டிங் பண்ணிட்டிருந்தேன். அப்படி வந்த ஒரு வேலை, சென்னையில நடந்த ஒரு மொபைல் கேம் போட்டி. ஜெயிச்ச டீமோட கேப்டனுக்குப் பத்தொன்பது வயசு இருக்கும். மைக்கைப் பிடிச்சான், நன்றி சொன்னான், டீமைப் பாராட்டினான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "போன வருஷப் பரிசுப் பணமே இன்னும் வரல, இதையாவது சீக்கிரம் குடுங்க"ன்னு சொன்னான். டைம்லைன்ல மொத்தம் ஒன்பது செகண்ட்.

மறுநாள் போட்டி நடத்தினவங்ககிட்ட இருந்து போன். "தம்பி, அந்த இடத்தை மட்டும் தூக்கிடுங்க." தூக்கிட்டேன். வெட்டின இடம் தெரியக்கூடாதுன்னு, கூட்டம் கைதட்டுற ஷாட்டை மேல போட்டேன். ரொம்ப சுத்தமான கட். அன்னிக்கு எனக்கே பெருமையா இருந்துச்சு. வீடியோ வெளிவந்த ராத்திரி அந்தப் பையன் மெசேஜ் போட்டான்: "அண்ணா, நான் பேசினது முழுசா வரலையே?" நான் பதில் போடல.

அந்த ஒன்பது செகண்டை மனசுல வெச்சுக்கோங்க. இப்போ 2019-க்குப் போவோம்.

2019 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. ஹார்த்ஸ்டோன்னு ஒரு சீட்டு விளையாட்டு. அமெரிக்காவோட பிளிஸார்ட் கம்பெனி தயாரிச்சது. அதோட ஆசிய-பசிபிக் கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியில ஹாங்காங்கைச் சேர்ந்த பிளிட்ஸ்சுங் ஜெயிக்கிறார். நிஜப் பெயர் இங் வாய் சுங். ஆட்டம் முடிஞ்சதும் தைவான் ஒளிபரப்புல அவர்கூட ஒரு குட்டிப் பேட்டி. வழக்கமா "இன்னிக்கு எந்த டெக் கைகொடுத்துச்சு?" ரகக் கேள்விதான் வரும்.

இவர் கேமரா முன்னாடி வந்தது வாயு முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கிட்டு.

அந்த நாளோட சூழ்நிலையைச் சொல்லணும். ஹாங்காங் தெருக்கள்ல அப்போ நாலு மாசமா போராட்டம், கண்ணீர்ப்புகை. போராட்டத்துல முகமூடி போடுறதைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தது அக்டோபர் 5. அதாவது அவர் இந்த முகமூடியோட திரையில வந்தது அடுத்த நாள். அவர் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே பாதி விஷயம் சொல்லியாச்சு.

கேஸ்டர்கள் ரெண்டு பேருக்கும் என்ன வரப்போகுதுன்னு புரிஞ்சிடுச்சு. அந்த எட்டு எழுத்தைச் சொல்லிடு, உடனே பேட்டியை முடிச்சுடலாம்னு சொல்லிட்டு, மேஜைக்குக் கீழ குனிஞ்சுட்டாங்க. எட்டு எழுத்துன்னா, ஹாங்காங்கை மீட்போம், இது நம் காலத்தின் புரட்சின்னு பொருள் வர்ற முழக்கம். சீனத்துல எழுதினா எட்டே எழுத்து. அவர் சொன்னார். பேட்டி முடிஞ்சுது.

அந்தக் காட்சியோட காப்பியை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு தெரியல. காப்பின்னு ஏன் சொல்றேன்னா, அந்த ஆட்டத்தோட அதிகாரப்பூர்வ வீடியோவை பிளிஸார்ட் எடுத்துட்டாங்க. என் கண்ணு ஒவ்வொரு தடவையும் போறது பிளிட்ஸ்சுங் மேல இல்ல, அந்த ரெண்டு கேஸ்டர்கள் மேலதான். லைவ்ல இருக்காங்க. வெட்ட அவங்க கையில கத்தரி இல்ல. இருந்த ஒரே வழி, தங்களைத் தாங்களே ஃபிரேம்ல இருந்து வெட்டிக்கிறது.

அதுவும் காப்பாத்தல. அக்டோபர் 8-ம் தேதி தண்டனை வந்துச்சு. பிளிட்ஸ்சுங்குக்கு ஒரு வருஷத் தடை, அந்த சீசன் பரிசுப் பணம் பூஜ்யம். கேஸ்டர்கள் ரெண்டு பேரோடயும் இனி வேலை செய்ய மாட்டோம்னு அறிவிப்பு.

என்ன விதியை வெச்சு? இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவா பார்க்கணும். "அரசியல் பேசக்கூடாது"ன்னு ஒரு விதி இருந்திருக்கும், அதை மீறிட்டார்னுதான் நான் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். பிளிஸார்ட் காட்டின விதியில அரசியல்னு ஒரு வார்த்தையே கிடையாது. பொதுமக்கள்ல ஒரு பகுதியினரைப் புண்படுத்தினாலோ, கம்பெனியோட பேரைக் கெடுத்தாலோ, போட்டியில இருந்து நீக்கிப் பரிசைப் பூஜ்யமாக்கலாம். எது பேரைக் கெடுக்குதுன்னு முடிவு பண்றது கம்பெனியோட இஷ்டம். விதியோட சாரம் இவ்வளவுதான்.

இப்போ என் ஒன்பது செகண்டை அந்த விதிக்குள்ள போட்டுப் பாருங்க. "பரிசுப் பணம் வரல." பேர் கெடுதா? கெடுது. அப்போ அதுவும் குற்றம். ஹாங்காங் விடுதலையும், பாக்கிப் பணமும் ஒரே ஷரத்துல மாட்டுது.

கிரிக்கெட்ல இவ்வளவு சுலபமா இது நடக்காது. காரணம், கிரிக்கெட்டுக்கு முதலாளி கிடையாது. லீக்குக்கு முதலாளி உண்டு, டிவி உரிமைக்கு உண்டு. ஆனா நாளைக்கே நீங்க ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து டோர்னமென்ட் நடத்தினா, "கிரிக்கெட் எங்க சொத்து, அனுமதி வாங்கினியா?"ன்னு யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. வீடியோ கேம்ல அனுப்பலாம்.

இது எப்போ முடிவாச்சுன்னு கேட்டா, கொரியாவுக்குப் போகணும். 1998-ல பிளிஸார்ட் வெளியிட்ட ஸ்டார்கிராஃப்ட், தென் கொரியாவுல தேசிய விளையாட்டு மாதிரி ஆகிடுச்சு. ஓ.ஜி.என்., எம்.பி.சி. கேம்னு ரெண்டு டிவி சேனல்கள் வருஷக்கணக்கா அதை ஒளிபரப்பினாங்க. கெஸ்பாங்கிற கொரிய இ-ஸ்போர்ட்ஸ் சங்கம்தான் எல்லாத்தையும் நடத்துச்சு. 2007-ல அந்தச் சங்கம் ஒளிபரப்பு உரிமையை விற்க ஆரம்பிச்சதும், "கேம் எங்களுது, நீ எப்படி விற்கலாம்?"னு பிளிஸார்ட் கேட்டுச்சு. 2010-ல உரிமையை வேற நிறுவனத்துக்குக் கொடுத்தாங்க, சேனல்கள் மேல வழக்கு, 2011 மே மாசம் சமரசம். யாருக்கு வெற்றின்னு பேப்பர்ல தெளிவா இல்ல. ஆனா, கேம் கம்பெனியோட அனுமதி இல்லாம கேமை ஒளிபரப்ப முடியாதுங்கிறது நடைமுறையாச்சு.

கம்பெனி தன் சொத்தைக் கேட்டது தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பாருங்க. 2013-ல ரயட் கேம்ஸ் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸுக்கு சொந்த லீக் ஆரம்பிச்சது. 2018-ல பிளிஸார்ட் ஓவர்வாட்ச் லீக். கேம் அவங்களுது, லீக் அவங்களுது, கேமரா, பேட்டி எடுக்குறவருக்குச் சம்பளம், பழைய வீடியோ இருக்குற சர்வர், எல்லாம் ஒரே கல்லாப்பெட்டி. அந்த மைக்குல யாராவது குறை சொன்னா, அது வீட்டுக்காரர்கிட்ட அவர் வீட்டுக்குள்ளேயே நின்னு சண்டை போடுற மாதிரி.

அதே 2019 அக்டோபர்ல, இதுக்கு நேரெதிரா ஒண்ணு நடந்துச்சு. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணியோட மேலாளர் டேரில் மோரி, அக்டோபர் 4-ம் தேதி ஹாங்காங்குக்கு ஆதரவா ஒரு ட்வீட் போட்டு அழிச்சுட்டார். சீன அரசு டிவி என்.பி.ஏ. ஆட்டங்களை நிறுத்துச்சு. ஜப்பான்ல அந்த அணியோட பத்திரிகையாளர் சந்திப்பு. சி.என்.என். நிருபர் ஒருத்தர் ஜேம்ஸ் ஹார்டன்கிட்டயும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கிட்டயும் இதைப் பத்திக் கேட்கப் போனாங்க. அணியோட ஊடக அலுவலர் குறுக்க புகுந்து, கூடைப்பந்து கேள்வி மட்டும்தான்னு நிறுத்திட்டார். என்.பி.ஏ. அப்புறம் அது தப்புன்னு மன்னிப்புக் கேட்டுச்சு.

என்.பி.ஏ. ஒண்ணும் தியாகி இல்ல, அந்த வாரம் அவங்களும் நல்லா நெளிஞ்சாங்க. ஆனா மன்னிப்பு வந்ததுக்குக் காரணம், கேள்வி கேட்டவருக்குச் சம்பளம் கொடுத்தது என்.பி.ஏ. இல்ல. வெட்டு விழுந்த இடம் அவங்க கேமராவுல பதிவாச்சு. ஹார்த்ஸ்டோன் பேட்டியில அப்படி வெளியாள் யாரும் இல்ல.

பிளிஸார்டுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்புச்சு. கலிபோர்னியாவுல இர்வைன் நகரத்துல அவங்க தலைமையகம். வாசல்ல பெரிய ஓர்க் சிலை, அதைச் சுத்தி கம்பெனியோட கொள்கைகள் பொறிச்ச தகடுகள். "ஒவ்வொரு குரலும் முக்கியம்"னு பொருள்படுற ஒரு தகட்டை ஊழியர்கள் காகிதம் ஒட்டி மறைச்சாங்க. சிலர் குடை பிடிச்சு நின்னாங்க. ஹாங்காங் போராட்டத்தோட அடையாளம் குடை. பிரையன் கிப்ளர்ங்கிற பிரபல கேஸ்டர், கிராண்ட்மாஸ்டர்ஸ்ல இனி வேலை செய்ய மாட்டேன்னு விலகினார். தடை அறிவிச்ச அதே 8-ம் தேதி, அமெரிக்கன் யூனிவர்சிட்டி மாணவர்கள் மூணு பேர் கல்லூரிப் போட்டி ஒளிபரப்புல ஹாங்காங்குக்கு ஆதரவா, பிளிஸார்டைப் புறக்கணிக்கச் சொல்லி ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினாங்க. கேமரா சட்டுனு வேற பக்கம் போயிடுச்சு. ஆனா தண்டனை வரல. "அவருக்கு ஒரு வருஷம், எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"ன்னு அவங்களே அடுத்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு அவங்களுக்கும் ஆறு மாசம் தடை வந்துச்சு. தண்டனையைக் கேட்டு வாங்கின மாணவர்களை நான் வேற எங்கேயும் படிச்சதில்ல.

அக்டோபர் 11-ல பிளிஸார்ட் தலைவர் ஜே. ஆலன் பிராக் ஒரு கடிதம் வெளியிட்டார். பரிசுப் பணம் திரும்பக் கிடைக்கும், தடை ஆறு மாசம், கேஸ்டர்களுக்கும் ஆறு மாசம். சீன உறவு இந்த முடிவைப் பாதிக்கல, அவர் சொன்ன கருத்தும் காரணமில்லன்னார். ஆனா ஹார்த்ஸ்டோனோட சீன வெய்போ கணக்கு, நாட்டோட கண்ணியத்தைக் காப்போம்னு ஏற்கெனவே ஒரு பதிவு போட்டிருந்துச்சு. அந்தக் கணக்கை நடத்தினது அங்கே கேமை வெளியிடுற நெட்ஈஸ். நவம்பர் 1-ம் தேதி பிளிஸ்கான் மேடையில பிராக் பொறுப்பேத்துக்கிறேன்னு சொன்னார். தடையை மட்டும் எடுக்கல.

பிராக் கடிதத்துல ஒரு வாதத்தை நான் ஒதுக்க மாட்டேன். அதிகாரப்பூர்வ ஒளிபரப்பு விளையாட்டைப் பத்தி இருக்கணும், எந்தத் தரப்புக்கும் மேடையாகக் கூடாதுங்கிறார். நியாயமான கவலைதான். நாளைக்கு ஒருத்தன் ஜெயிச்சுட்டு, ஒரு சாதியையோ மதத்தையோ கேவலமா பேசினா நான் வெட்டுவேன். கை நடுங்காம வெட்டுவேன். ஆனா மைக்கை அணைக்கிறது வேற, பேசினவனோட ஒரு வருஷ வாழ்க்கையை அணைக்கிறது வேற. கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்த ரெண்டு பேரைத் துரத்துறது இன்னும் வேற.

பயம் எவ்வளவு தூரம் போகும்னு அதே மாசம் பெர்லின்ல தெரிஞ்சுது. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் உலகப் போட்டியில "ஹாங்காங் ஆட்டிட்யூட்"னு ஒரு அணி. கேஸ்டர்கள் முழுப் பேரைச் சொல்ல வந்து தடுமாறி "ஹெச்.கே.ஏ."ன்னு முடிக்கிறதை ரசிகர்கள் கவனிச்சாங்க. அப்படி ஒரு உத்தரவே கொடுக்கலன்னு ரயட் சொல்லுச்சு. நான் நம்புறேன். உத்தரவு தேவைப்படல, அவ்வளவுதான். சில நாள்ல, உணர்வுபூர்வமான விஷயங்களை ஒளிபரப்புல தவிர்க்கச் சொல்லி ரயட்டே அறிக்கை விட்டது. ரயட் முழுக்க சீனாவோட டென்சென்ட்டுக்குச் சொந்தம்ங்கிறதையும் சேர்த்துப் படிச்சுக்கோங்க.

இன்னொரு கதையும் இருக்கு. 2016. பிளேஆஃப்ஸுக்குச் சில வாரம் முன்னாடி, ஆடுற முறையையே மாத்துற ஒரு அப்டேட்டை ரயட் வெளியிட்டுச்சு. டி.எஸ்.எம். அணியோட முதலாளி ஆண்டி டின், அதாவது ரெஜினால்ட், இது வீரர்களோட உழைப்பையும் எதிர்காலத்தையும் பாதிக்குதுன்னு ஒரு பேட்டியில பொரிஞ்சு தள்ளினார். ரயட்டைத் தொடங்கினவர்கள்ல ஒருத்தரான மார்க் மெரில் கோபத்துல, வீரர்கள் மேல அவ்வளவு அக்கறைன்னா நீ சம்பாதிச்ச பணத்தை அவங்களுக்கே போடேன்கிற தொனியில பொதுவிலேயே பதில் எழுதினார். ரசிகர்கள் விடல. பேச்சு அணிகளோட வருமானம் பக்கம் திரும்புச்சு. செப்டம்பர்ல, கேமுக்குள்ள விற்கிற சில பொருட்களோட வருமானத்துல அணிகளுக்கும் பங்குன்னு ரயட் அறிவிச்சுது.

அந்தப் பேட்டியை எடுத்தது தி ஸ்கோர் இ-ஸ்போர்ட்ஸ், வெளி ஊடகம். லீக்கோட சொந்த மேஜையில எடுத்திருந்தா நமக்கு வந்து சேர்ந்திருக்குமா? நான் எடிட்டரா இருந்திருந்தா, என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியும்.

இப்போ இந்த பாட்காஸ்டுல நீளத்துக்காக வெட்டுறேன், திக்கலை வெட்டுறேன், ஆதாரமில்லாம யார் மேலயாவது பழி போட்டா வெட்டுறேன். விருந்தாளி என்னையோ, எனக்குப் பணம் தர்றவங்களையோ குறை சொன்னா தொட மாட்டேன். எதை வெட்டினாலும் பேசினவருக்கு முதல்லயே சொல்லிடுவேன். கைதட்டுற ஷாட் போட்டு மூடுறதில்ல.

அந்தப் போட்டியோட ரா ஃபைல் இன்னும் என் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. இந்த எபிசோடுக்காக அதைத் தேடி எடுத்தப்போ, அந்தத் தம்பிக்கு ஒருவழியா பதில் போட்டேன். வெட்டினது நான்தான்னு சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன், பணம் வந்துச்சாப்பான்னு கேட்டேன்.

"எந்த வருஷத்துதுண்ணா?"ன்னு கேட்டான்.