பத்தாண்டுப் பேராசிரியர் அனுபவம்: துணைவேந்தர் தகுதி விதியும் கல்லூரிப் பெண் ஆசிரியர்களும்

பல்கலைக்கழகத் தலைமைப் பதவிகளில் பெண்கள் ஏன் அருகியே இருக்கிறார்கள் என்பதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளில் பெரும்பாலானவை காரணத்தைப் பெண்களிடமே தேடுகின்றன. தயக்கம், வழிகாட்டிகள் இல்லாமை, வீட்டுப் பொறுப்பு, நிர்வாகப் பயிற்சிக் குறைவு என்று பட்டியல் நீளும். உயர்கல்வியில் பெண் நிர்வாகிகளின் திறன் வளர்க்கப் பல்கலைக்கழக மானியக் குழு நடத்திய பயிற்சித் திட்டமும் இந்த நோய்நாடலின் வழிவந்ததே. அப்பயிற்சிகள் பயனற்றவை என்பதல்ல என் வாதம். தடையின் பெரும்பகுதி தகுதி விதியிலேயே இருக்கும்போது அவை தவறான இடத்தில் மருந்திடுகின்றன என்பதே.

விவாதத்துக்கு உரிய விதி, மானியக் குழுவின் 2010 ஒழுங்குமுறை விதிகளில் 7.3.0. துணைவேந்தராக வருபவர் பல்கலைக்கழக அமைப்பில் பத்தாண்டு பேராசிரியராகவோ, பெயர்பெற்ற ஆய்வு அல்லது கல்வி நிர்வாக நிறுவனத்தில் அதற்கு ஒத்த பதவியில் பத்தாண்டோ இருந்திருக்க வேண்டும் என்கிறது அது. சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரியில் இணைப் பேராசிரியராக இருந்த கல்யாணி மதிவாணன் 2012இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். பத்தாண்டுப் பேராசிரியர் அனுபவம் இல்லை என்று 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. 2015 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகத்தை, மாநில அரசு ஏற்றுக்கொண்டாலன்றி, 2010 விதிகள் கட்டாயமாகக் கட்டுப்படுத்தா என்பது அதன் முடிவு.

இந்த வழக்கை மத்திய-மாநில அதிகாரப் பூசலாகப் படிப்பதே வழக்கம். தீர்ப்பின் தர்க்கத்துக்கு அந்த வாசிப்பு பொருந்தவே செய்கிறது. ஆனால் வழக்கின் மையத்தில் இருந்த உண்மையை அது தாண்டிச் செல்கிறது: ஒரு மகளிர் கல்லூரி ஆசிரியர் பத்தாண்டு பேராசிரியராக இருந்திருக்க வழியே இல்லை. அன்றைய தமிழ்நாட்டு இணைப்புக் கல்லூரிகளில் ஆசிரியப் படிநிலை பொதுவாக இணைப் பேராசிரியரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் இருந்தது முதல்வர் நாற்காலி மட்டுமே. பேராசிரியர் பதவி பல்கலைக்கழகத் துறைகளுக்கு உரியதாக இருந்தது. 1914இல் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரி, 1915இல் தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரி, பின்னர் எத்திராஜ், லேடி டோக் என்று பெண்கள் உயர்கல்வியில் ஆசிரியர்களாகவும் முதல்வர்களாகவும் வேரூன்றிய இடங்கள் கல்லூரிகளே. விதியின் சொற்களில் பால் வேறுபாடு இல்லை. அது எந்த நிறுவனத்தின் ஏணியை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்பதில் இருக்கிறது வேறுபாடு.

ஒரு தன்னாட்சிக் கல்லூரி முதல்வர் பாடத்திட்டக் குழு முதல் தேர்வு, நிதிக்குழு, நாக் (NAAC) தர மதிப்பீடு, கல்லூரிக் கல்வி இயக்ககத்தோடு ஊதிய மானியப் பேச்சு வரை அனைத்தையும் சுமப்பவர். இப்பணி கல்வி நிர்வாக நிறுவனத்தில் ஒத்த பதவி ஆகாதா? ஆகும் என்றே நான் படிக்கிறேன். அதே 2010 விதிகள் ஊதிய நிலையில் முதல்வரைப் பேராசிரியரோடு சமமாக வைத்தன. மேலாகத் தனிப்படியும் தந்தன. சம்பளத்தில் ஒப்பு, தகுதியில் ஒப்பில்லை என்று ஒரே ஆவணத்தை இருவிதமாகப் படிக்க இடமில்லை. இந்த வாசிப்பை நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டதாக நான் சொல்லவில்லை. 2018 விதிகளில் அந்த ஒப்புச் சொல்லே நீங்கி, கல்வித் தலைமைக்கான சான்று என்ற நிபந்தனை வந்தது. 2022இல் குஜராத், கேரள வழக்குகளில் மானியக் குழு விதிகளே மேலோங்கும் என்று உச்சநீதிமன்றம் கூறியபின், 2015 தீர்ப்பு திறந்த வாசலும் பெரிதும் குறுகிவிட்டது.

இணைப்புக் கல்லூரி ஆண்களுக்கும் இதே தடைதானே என்பார்கள். ஆம், ஆனால் ஆண்களுக்குப் பல்கலைக்கழகத் துறைகள் முன்பே திறந்திருந்தன. கல்லூரி முதல்வர்களையும் ஏற்றால் தரம் தாழும் என்ற அச்சத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிலும் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் பெண் துணைவேந்தராக 1949இல் பரோடாவில் பொறுப்பேற்ற ஹன்சா மேத்தா, பேராசிரியராகப் பத்தாண்டு இருந்தவர் அல்லர். காலம் போகப் போகத் தானே சரியாகும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் மெலிது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி ஆசிரியர்களில் பெண்கள் 43.4 விழுக்காடு, பதவி உயர உயர அவர்களின் பங்கு சுருங்குகிறது.

தேடுதல் குழுவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உதவிப் பேராசிரியர் தேர்வுக்குப் பெண் ஒருவர் விண்ணப்பித்து, குழுவில் பெண்ணோ விதி குறிப்பிடும் பிற பிரிவினரோ இல்லையென்றால், அப்பிரிவுகளைச் சார்ந்த கல்வியாளர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்கின்றன மானியக் குழு விதிகள். துணைவேந்தரைத் தேடும் குழுவுக்கு அப்படியொரு நிபந்தனை இல்லை. கீழ்ப்படியில் தேவை என்று ஏற்கப்பட்ட பாதுகாப்பு, மேல்படியில் ஏன் விடப்பட்டது என்பதற்கு விதிகளில் விளக்கமும் இல்லை. ஒற்றை வழக்கைக் கொண்டு நாடு முழுமைக்கும் முடிவுகட்ட முடியாதுதான். ஆயினும் இந்த விடுபாடு வழக்கைச் சார்ந்ததன்று; விதிநூலிலேயே உள்ளது.

2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு, தொழில்துறையிலும் பொது நிர்வாகத்திலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் உயர்நிலையில் பத்தாண்டு பணியாற்றியோருக்குத் துணைவேந்தர் பதவியைத் திறக்க முன்வந்தது. கல்லூரி முதல்வர் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. நிறுவன மேலாளரின் பத்தாண்டை எண்ண முடியுமென்றால், மகளிர் கல்லூரி முதல்வரின் பத்தாண்டையும் எண்ணியே ஆக வேண்டும். அதை விதியில் வெளிப்படையாக எழுதுமாறும், தேடுதல் குழுவில் பெண் உறுப்பினரைக் கட்டாயமாக்குமாறும் கல்லூரி ஆசிரியர் சங்கங்களும் மாநில அரசுகளும் மானியக் குழுவிடம் கேட்க வேண்டும்.