தோட்டத்துக்குள் ஒரு தோட்டம்

‘தோட்டம்’ என்னும் சொல் மலாயாவில் பொருள் விரிந்த சொல்லாகும். தாயகத்தில் அது வீட்டுக் கொல்லையையோ கிணற்று நீர் பாயும் நிலத்தையோ குறித்தது. கடல் கடந்து வந்தபின் ஆயிரக்கணக்கான ஏக்கர் ரப்பர்க் காட்டுக்கு அதுவே பெயராயிற்று. அப்பெருந்தோட்டத்தைப் பற்றி நூல்கள் பல உண்டு. லயத்து வாசலிலும் கொல்லையிலும் தொழிலாளர் தம் கையால் வளர்த்த சிறு தோட்டத்தைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சிறிது.

இத்தனைக்கும் பெருந்தோட்டத்தின் மூலமே ஒரு வீட்டுத் தோட்டந்தான். 1877இல் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் கோலகங்சாரில், பேராக் மாநிலத்தின் ஆங்கில ரெசிடென்டாக இருந்த ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. அதிகாரி ஒருவரின் வீட்டோரம் வேரூன்றிய அம்மரந்தான், பின்னர்ப் பல இலட்சம் தமிழரைக் கடல் தாண்டி வரவழைத்தது.

வந்தவர்களுக்குக் கிடைத்த லயத்து வீடு அவர்களுடையதன்று. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. கங்காணி தோட்டம் மாறினால் அவரை நம்பி வந்தோரும் மாறினர். இந்நிலையில் வாசலில் எதை நடுவது என்பது அழகுணர்ச்சி மட்டும் முடிவு செய்யும் காரியமாக இருக்கவில்லை. விரைவில் பயன் தரவேண்டும். புறப்படும் நாளில் மூட்டையோடு எடுத்துச் செல்லக் கூடியதாகவும் இருக்கவேண்டும். லயங்களில் பெருகிய செடிகளை எண்ணிப் பார்த்தால் இவ்விரு தேவைகளும் தெளிவாகப் புலப்படும்.

முருங்கையை எடுத்துக்கொள்வோம். மூன்றடி நீளத்துக்கு முற்றிய கிளையொன்றை வெட்டி ஊன்றினால் அது தழைத்துவிடும். ஆனால் அது வறண்ட வெயிலை விரும்பும் மரம். ஆண்டு முழுதும் மழை பெய்யும் இந்நாட்டில் காய் பிடிப்பது குறைவு. கீரையோ வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆகவே தமிழகத்தில் பெரிதும் காய்க்காகப் போற்றப்பட்ட மரம் இங்குக் கீரை மரமாயிற்று. நீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் மேடான இடம் பார்த்து அதனை நட்டனர். மலாய் மொழியிலும் ‘மெருங்கை’ என ஒரு பெயர் பெற்று இன்றும் அது வழங்குகிறது.

கறிவேப்பிலையின் இயல்பு வேறு. அதன் விதை நெடுநாள் முளைப்புத் திறனோடு இராது. பழம் உதிர்ந்தவுடன் விதைத்தாக வேண்டும். தாய்ச்செடியின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றைப் பெயர்த்து நடுவது எளிய வழி. அதனால் ஒரு வீட்டுச் செடி அடுத்த வீட்டுக்கும், ஒரு தோட்டத்துச் செடி உறவினர் வாழும் மற்றொரு தோட்டத்துக்கும் சென்றது. செம்பருத்தியும் மல்லிகையும் போத்தில் வருவன. துளசி, கனகாம்பரம், கத்தரி, வெண்டை ஆகியவற்றின் விதை முந்தானை முடிச்சில் அடங்குவது. அடுப்புச் சாம்பலும் மாட்டுச் சாணமும் எருவாயின. பாத்திரம் கழுவிய நீர் ஓடும் இடத்தில் வாழை நின்றது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டித் திரும்பிய பெண்களே பிற்பகலில் இவற்றைப் பேணினர். கூலிக் கணக்கில் ஏறாத உழைப்பு அது. அதனாலேயே வரலாற்றிலும் ஏறவில்லை போலும்.

இச்சிறு நிலத்தைச் சட்டமும் கண்டுகொண்டது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 2,720 சதுர அடி நிலம் ஒதுக்கவேண்டும் என்றது. தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் கடமையை நிர்வாகங்கள்மேல் சுமத்தியதும் இச்சட்டமே. தமிழ்ப்பள்ளியின் வரலாற்றைப் பயிலும் மாணவர், அதே ஏட்டில் காய்கறி நிலமும் இடம்பெற்றிருப்பதைக் கவனித்தல் நன்று. இதனை வெறும் கருணை எனக் கொள்வதற்கில்லை. தொழிலாளி தன் கறிக்குத் தானே பயிரிட்டால், குறைந்த கூலியிலும் குடும்பம் ஓடும் அல்லவா? 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை வீழ்ந்து கிடந்தபோது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நட்ட செடி கையில் ஏறிற்று. நட்ட நிலம் ஏறவில்லை.

சிறு தோட்டத்தின் அருமை முழுமையாக விளங்கியது ஜப்பானியர் காலத்தில்தான். மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே பெற்று வந்தது. 1942இல் அவ்வரத்து அற்றுப்போயிற்று. பூச்செடி நின்ற இடமெல்லாம் மரவள்ளி ஏறிற்று. விளையாட்டுத் திடல்களும் தப்பவில்லை. மரவள்ளி புதிய பயிரன்று. மலாக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே சீனர் அதனை வணிகப் பயிராக வளர்த்தனர். ஒரு சாண் தண்டை ஊன்றினால் எந்த மண்ணிலும் வளரும். பத்து மாதத்துக்குள் கிழங்கு தரும். கசப்பு வகையில் நஞ்சு உண்டாதலால், தோலை நீக்கி நன்கு வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும். வயிற்றை நிரப்பியதேயன்றி அது உடலை வளர்க்கவில்லை. கிழங்கில் மாவுச்சத்து மிகுதி, புரதம் மிகக் குறைவு. அக்குறையைச் சிறிதேனும் ஈடுசெய்தவை முருங்கைக் கீரையும் வேகவைத்த மரவள்ளி இலையுமே. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஆடவர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டபின், லயங்களில் எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் உயிர் தரித்தது இந்த வாசல் நிலத்தைக் கொண்டே எனலாம். அன்று நடப்பட்ட ஒவ்வொரு தண்டும் ஓர் உயிர்க் கணக்கு.

போர் முடிந்து மூச்சு விடுவதற்குள், 1948இல் அவசரகாலம் வந்தது. லயங்கள் முள்வேலிக்குள் அடைபட்டன. காட்டிலிருந்தோருக்கு உணவு எட்டாதவாறு கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டமையால், தொலைவிலிருந்த காய்கறி நிலங்கள் கைவிடப்பட்டன. வாசலோரத்துச் செடிகளே மிஞ்சின.

விடுதலைக்குப் பின் 1960இல் செம்பருத்தி, ‘பூங்கா ராயா’ என்ற பெயரில் நாட்டின் தேசிய மலராயிற்று. மாரியம்மனுக்குச் சூட்டவும் தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் லயத்து வேலியில் நின்ற அதே பூ! அதன் ஐந்து இதழ்களுக்கு, 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள் பொருளாகக் கூறப்பட்டன. மலருக்கு இப்பெருமை கிட்டிய காலத்தில், அதை வளர்த்தவரின் நிலை தளர்ந்துகொண்டிருந்தது. ஐரோப்பியர் விற்ற தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. அதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். 1974இல் துன் அப்துல் ரசாக் தொடங்கிய பச்சைப் புத்தகத் திட்டம், வெற்று நிலங்களில் உணவுப் பயிர் வளர்க்குமாறு மக்களை அழைத்தது. வெற்று நிலத்தை விடாமல் பயிரிடுவது தோட்டப்புறத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டிய பாடமாக இருக்கவில்லை. சொந்தமென்று சொல்ல நிலந்தான் இல்லை.

பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும், செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. லயங்களை விட்டு வெளியேறியோர் பலர் நகரத்து அடுக்குமாடிகளில் குடியேறினர். அங்கே முருங்கைக்கு இடமில்லை. எவரேனும் சாலையோரத்தில் ஒரு கொம்பை ஊன்றி வைத்தால் உண்டு. கறிவேப்பிலை மட்டும் தொட்டிக்கு இணங்கி வந்தது. அடியில் துளையிட்ட ஒரு பழைய வாளியும், அரை நாள் வெயிலும், அவ்வப்போது நுனி கிள்ளும் கையும் இருந்தால், ஐந்தாம் மாடித் தாழ்வாரத்திலும் அது தழைக்கிறது.